நான்காவது சக்கரத்தில் காய்ந்த பாலிஷ்

எர்லிண்டாவின் வீட்டில் பல் தேய்க்கும் பிரஷ் நிலைத்ததே இல்லை. மகன் எலிசியோ அதைத் தூக்கிக்கொண்டு போய்க் கார் சக்கரத்தின் கம்பிகளைத் தேய்ப்பான். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் கிழக்கு லாஸ் ஏஞ்சல்ஸ் தெருக்களில், தரையை உரசுகிற மாதிரி தாழ்த்திய கார்களை ஆமை வேகத்தில் ஓட்டிப்போகிற பிள்ளைகள் எல்லாருக்கும் இந்தக் கிறுக்கு உண்டு. சக்கரத்தின் குரோம் பூச்சில் ஒரு தண்ணீர்ப் பொட்டு தெரிந்தால் போதும், கார் சங்கத்தில் வாரம் முழுக்க அதே பேச்சுதான்.

"உன் பல்லைப் பார்த்து எவளும் வரமாட்டா. சக்கரத்தைக் காட்டித்தான் கட்டிக்கணும்," என்பாள், தையல் ஆலையில் குனிந்தே தேய்ந்த இடுப்பைப் பிடித்துக்கொண்டு.

"சக்கரத்துக்கு வாய் நாறாதும்மா," என்பான் அவன்.

போன வருஷம் ஒரு மதியம் அடுப்பில் கறிச்சாறு கொதித்துக்கொண்டிருந்தது. கொத்தமல்லி இல்லை. மகனைக் கடைக்குப் போய்வரச் சொன்னாள். எலிசியோ மூன்று சக்கரங்களை முடித்துவிட்டு, நான்காவதில் விரலாலேயே பாலிஷ் பூசிக் காயவிட்டிருந்தான்.

"இதைத் துடைச்சிட்டுப் போறேம்மா."

"வந்து துடைச்சுக்கோடா. சக்கரம் எங்கயும் ஓடிப்போயிடாது."

சிரித்துக்கொண்டே போனான். தெருமுனையில் சிவப்பு விளக்குக்கு நிற்காமல் வந்த லாரி அவனை அடித்துப்போட்டது. கொத்தமல்லிக் கட்டைக் கையிலிருந்து விடவில்லை என்று பார்த்தவர்கள் சொன்னார்கள்.

பாலிஷ் வெள்ளையாகக் காய்ந்துவிட்டது. அதில் அவன் விரல் சுற்றிச் சுற்றிப் போன தடம் அப்படியே இருந்தது. எர்லிண்டா அந்தச் சக்கரத்தின் மேல் ஒரு பழைய போர்வையைப் போட்டு மூடினாள். வேலையைப் பாதியில் விட்டால் அவனுக்குத் தூக்கம் பிடிக்காது, வந்துதான் தீருவான் என்று மனசின் ஒரு மூலை சொல்லிக்கொண்டே இருந்தது. பைத்தியக்காரத்தனம்தான். அது தெரிந்ததால்தான் அவள் யாரிடமும் வாய் திறக்கவில்லை.

செத்தவர்கள் அன்றைக்கு வீடு திரும்புவார்கள் என்று மெக்சிகோக்காரர்கள் நம்புகிற இறந்தவர்கள் நாள் வந்தது. சங்கத்து நண்பன் ஃபிடென்சியோ காலையிலேயே வந்து நின்றான்.

"கல்லறைக்கு எல்லா வண்டியும் வரிசையா போகுதும்மா. எலிசியோ வண்டிதான் முன்னாடி போகணும். நான் ஓட்டுறேன்."

அவள் தலையாட்டினாள். போர்வையை எடுக்காதே என்று சொல்ல வாயெடுத்தாள். ஏன் என்று கேட்டால் என்ன சொல்வது? காபி கொடுக்கும்போது பக்குவமாகச் சொல்லிக்கொள்ளலாம் என்று உள்ளே போனாள்.

குவளையோடு அவள் திரும்பியபோது போர்வை மடித்து ஓரமாக வைத்திருந்தது. ஃபிடென்சியோ கையில் துடைத்த துணியோடு சக்கரத்தின் முன்னால் முட்டிபோட்டிருந்தான். காய்ந்த பாலிஷைப் பார்த்துவிட்டுச் சும்மா போக இந்தப் பிள்ளைகளில் யாருக்கும் கை வராது.

"பாவி, ஒரு சக்கரத்தை அப்படியே விட்டுட்டுப் போயிருக்கான்மா. குரோமே கெட்டுப்போயிருக்கும். நல்லவேளை, முடிச்சிட்டேன்."

சக்கரம் பளபளவென்று இருந்தது. அதில் அவள் முகம் மட்டும்தான் தெரிந்தது. இனி அவன் வருவதற்கு இங்கே ஒரு வேலையும் இல்லை.

ஃபிடென்சியோவின் கண்ணும் கலங்கியிருந்தது. அவனை என்ன சொல்ல?

"நல்லா செஞ்சேப்பா," என்றாள். "அந்தத் துணியைக் குடு."

"அழுக்கும்மா. அலசித் தரேன்."

"வேண்டாம். அப்படியே குடு."

வெள்ளைப் பொடி உதிராமல் அதை மடித்து சமையலுக்குக் கட்டியிருந்த ஏப்ரனின் பைக்குள் வைத்துக்கொண்டாள். செண்டுப்பூ கட்டிய கார் மெல்லத் தெருவில் இறங்கியது. நான்கு சக்கரமும் வெயிலில் மின்னிக்கொண்டே போயின. சக்கரம் எங்கயும் ஓடிப்போயிடாது என்று அன்றைக்கு அவள்தான் சொன்னாள்.