கார்னருக்கு முன் சொன்ன வார்த்தை

பதினோரு வருஷம் நான் அவன் முதுகைப் பார்த்துக்கொண்டே பிழைத்தேன். நான் கோல்கீப்பர், அவன் எனக்கு நேர் முன்னால் நிற்கும் தடுப்பாட்டக்காரன். எதிரணிக்காரன் எங்கே நகர்ந்தாலும் அரை அடி இடம்கூடத் தராமல் ஒட்டிக்கொண்டே போவான் என்பதால் அவனுக்குப் பசை என்று பெயர் வைத்தோம். மைதானத்து அறிவிப்பாளரே சில நாள் வாய் தவறி ஒலிபெருக்கியில் அந்தப் பெயரைச் சொல்லிவிடுவார்.

பசை அப்படியொன்றும் வேகமானவன் இல்லை. உயரமும் சுமார்தான். ஆனால் பந்து எங்கே விழும் என்பது மற்றவர்களுக்கு முன்பே அவனுக்குத் தெரிந்துவிடும். தெரியாத நாளில் வாய் கைகொடுக்கும். கார்னர் உதைக்காக எல்லோரும் கோல் முன்னால் நெருக்கியடித்து நிற்கும்போது, நடுவர் பார்க்காத பக்கமாக எதிராளியின் சட்டையைப் பிடித்துக்கொண்டு காதோரம் ஏதாவது சொல்வான். ஆரம்பத்தில் வேடிக்கையாகத்தான் இருந்தது. "என்ன, மாமியார் ஊருக்குப் போயிட்டாங்களா? முகத்துல தெளிவு தெரியுதே" என்பான். எதிராளி சிரிப்பதற்குள் பந்து போய்விடும்.

போகப் போக அதுவே வேலையாகிவிட்டது. ஒவ்வொரு ஆட்டத்துக்கு முன்பும் யாருக்கு வீட்டில் சண்டை, யாருடைய தம்பி போலீஸில் மாட்டினான் என்று விசாரித்து வைத்துக்கொள்வான். எங்கள் கோச்சுக்கு அது பிடித்திருந்தது. "கால்ல நிறுத்த முடியலன்னா வாயால நிறுத்துடா" என்பார். உடை மாற்றும் அறையில் அவன் அதை நடித்துக்காட்டும்போது நாங்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தோம். நானும்தான்.

அப்பா சீக்கிரமே போய்விட்ட வீடு அவனுடையது. அவனைவிட எட்டு வயது மூத்த அக்கா பெரிய ஆஸ்பத்திரியில் பிரசவ வார்டு நர்ஸ். அம்மா, அக்கா, அவன், மூவருக்கும் மூன்றாவது மாடியில் இரண்டு அறை வீடு. பால்கனிக் கம்பியில் அக்காவின் வெள்ளைச் சீருடையும் அவனுடைய பயிற்சிச் சட்டையும் பக்கத்தில் பக்கத்தில் காயும். நான் போனால் அக்கா என்னையும் தம்பி என்றுதான் கூப்பிடுவார்.

ஒரு நாள் சாயங்காலம் அக்கா டியூட்டி முடிந்து வந்தவர், செருப்பைக்கூடக் கழற்றாமல் சமையலறையில் அம்மா பக்கத்தில் உட்கார்ந்து அழுதிருக்கிறார். பசை அடுத்த அறையில் கணுக்காலில் ஐஸ் பையை வைத்துக்கொண்டு படுத்திருந்தான். நடுவில் கதவு இல்லை, ஒரு திரைதான்.

"நாள் நெருங்கின குழந்தைம்மா. துடிப்பே இல்ல. அந்த அம்மா பின்னின மஞ்சள் போர்வையில சுத்தி அவங்க வீட்டுக்காரர் கையில கொடுத்தேன். அரை மணி நேரம் வச்சிருந்தார். திருப்பிக் கொடுக்கும்போது, 'கால் விரலை மட்டும் இன்னொரு தடவை பாத்துக்கட்டுமா சிஸ்டர்'னு கேட்டார்."

பெயரை அக்கா சொல்லவில்லை. விளையாடுகிறவர், முழங்கால் எல்லாம் தழும்பு என்று மட்டும் வாயில் வந்துவிட்டது. எங்களோடு அரையிறுதியில் மோதவிருந்த அணியின் ஒன்பதாம் நம்பர் ஆட்டக்காரன் குடும்பக் காரணம் என்று சொல்லி மூன்று ஆட்டம் வராமல் இருந்தான். பசைக்கு அது போதும்.

அரையிறுதிக்கு ஒன்பதாம் நம்பர் வந்துவிட்டான். முகம் ஒட்டிப்போயிருந்தாலும் கால் பழைய கால்தான். இருபதாவது நிமிடத்தில் பசையை ஏமாற்றிவிட்டு என்னைத் தாண்டி ஒரு கோல் போட்டான். இடைவேளையில் கோச் பசையின் முகத்துக்கு நேராக விரலை நீட்டி, "பசையா நீ? வெறும் தண்ணி! இன்னொரு கோல் விழுந்தா அடுத்த வருஷம் உன்னை மறந்துடுறேன்" என்று கத்தினார். பசை பூட்ஸ் கயிற்றை அவிழ்த்து மறுபடி கட்டினான்.

இரண்டாம் பாதியில் நாங்கள் ஒரு கோலைத் திருப்பிய கொஞ்ச நேரத்தில் அவர்களுக்கு ஒரு கார்னர் கிடைத்தது. ஒன்பதாம் நம்பர் எனக்கு மூன்றடி முன்னால். பசை அவன் சட்டையைப் பிடித்தபடி காதருகே குனிந்தான்.

"அந்த மஞ்சள் போர்வையையும் எடுத்துட்டு வந்திருக்கலாமே. தோத்ததும் அரை மணி நேரம் மடியில வச்சுக்கிட்டு உக்காரலாம்."

ஒவ்வொரு சொல்லும் எனக்குத் தெளிவாகக் கேட்டது. அடிக்கப்போகிறான் என்று நினைத்தேன். அடித்திருந்தால் தேவலை. அவன் மெல்லத் திரும்பி, வழி கேட்கிறவன் போல, "போர்வையா? உங்ககிட்ட யார் சொன்னா?" என்றான். பந்து எங்கள் தலைக்கு மேலே பறந்து வெளியே போனது. அவன் குதிக்கவே இல்லை. நடந்தே கோட்டுக்குப் போய், மாற்று ஆளை இறக்கச் சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டான்.

இரண்டுக்கு ஒன்று என்று ஜெயித்தோம். பசையைத் தோளில் தூக்கிக்கொண்டு மைதானத்தைச் சுற்றினோம். அவனுடைய வலது கால் என் தோளில் இருந்தது.

குழந்தையைப் போர்வையில் சுற்றிக் கொடுத்தபோது அந்தப் பிரசவ அறையில் இருந்தவர்கள் மொத்தமே நாலு பேர். ஒன்பதாம் நம்பரின் மனைவி நேராக ஆஸ்பத்திரிக்குப் போய், அங்கே நடந்தது விளையாட்டு மைதானத்துக்கு எப்படிப் போனது என்று கேட்டிருக்கிறார். யாரும் அக்காவைச் சந்தேகப்படவில்லை. அக்காவே எழுந்து, "நான்தான் வீட்டுல சொன்னேன்" என்றார். அன்றைக்கே பணிநீக்கம் செய்யவில்லை என்பதுதான் மிச்சம். விசாரணை முடியும்வரை வார்டுக்குள் கால் வைக்கக்கூடாது என்று கடிதம் கொடுத்து அனுப்பினார்கள்.

கடிதத்தோடு அக்கா வீட்டுக்குள் வந்தபோது நானும் அங்கே இருந்தேன். வெற்றியைக் கொண்டாடப் போயிருந்தேன்.

"போர்வையைப் பத்திப் பேசினியாடா?"

பசை தலையைக் குனிந்துகொண்டான். "ஆட்டத்துல அப்படித்தான்க்கா... ஜெயிக்கிறதுக்காகச் சொல்றது..."

"நான் அம்மாகிட்ட அழுதேன். உன்கிட்ட ஒண்ணும் சொல்லல." அப்புறம் என்னைப் பார்த்து, "தம்பி, நீங்க பக்கத்துலதானே நின்னீங்க?" என்று கேட்டார். "ஒரே சத்தம்க்கா, சரியா கேக்கல" என்றேன். அவர் என்னை அதற்குமேல் பார்க்கவில்லை.

எதிரணி புகார் கொடுத்ததால் கூடிய லீகின் விசாரணைக் குழுவிடமும் அதே பதிலைத்தான் சொன்னேன். மூன்று பேர் நீள மேஜைக்குப் பின்னால் உட்கார்ந்து, "மூணடி தூரத்துல இருந்தும் கேக்கலையா?" என்றார்கள். "கூட்டம் சார்" என்றேன். ஆதாரம் இல்லை என்று பசையை விட்டுவிட்டார்கள். வெளியே வந்ததும் கோச் என் முதுகில் தட்டிக்கொடுத்தார். இறுதி ஆட்டத்தில் மூன்று கோல் வித்தியாசத்தில் தோற்றோம் என்பது வேறு விஷயம்.

இரண்டு மாதம் பசை அந்த இரண்டு அறை வீட்டில் அக்காவோடு இருந்தான். அக்கா சண்டை போடவில்லை. அவனுக்கும் சேர்த்துத்தான் சமைத்தார், அவன் சட்டையையும் சேர்த்துத்தான் துவைத்தார். அவன் அறைக்குள் வந்தால் மட்டும் பேச்சை நிறுத்திக்கொள்வார். "திட்டினாக்கூடப் பரவாயில்லடா, தண்ணி வேணுமான்னு கேக்குறாங்க, சாப்பாடு எறங்கல" என்று என்னிடம் சொன்னான்.

கடைசியில் ஒரு நாள் ஒன்பதாம் நம்பரின் வீட்டுக்குப் போனான். நான் தெருமுனையில் வண்டியிலேயே உட்கார்ந்திருந்தேன். கதவைத் திறந்தது மனைவி. என்ன பேசினார்கள் என்பதைப் பிறகு அவனே சொன்னான். மன்னிச்சுக்கங்க என்று இவன் ஆரம்பித்ததும் அவர் கையைக் காட்டி நிறுத்தியிருக்கிறார்.

"அன்னிக்கு உங்க அக்கா என் கையை விடவே இல்ல. அவங்க வேலைக்குப் பங்கம் வந்ததை நெனச்சு நான் எத்தனை நாள் தூங்கல தெரியுமா? உங்களுக்கு வெறும் மன்னிப்பு வேணும். அவங்களுக்கு என்ன வேணும்னு யோசிச்சீங்களா?"

கணவன் உள்ளே இருந்து கூடத்து வாசல்வரை வந்து நின்றான். இவன் அதற்குமேல் அங்கே நிற்கவில்லை.

அடுத்த நாளே பசை இரண்டு கடிதம் எழுதினான். ஒன்று ஆஸ்பத்திரிக்கு: அக்கா யார் பெயரையும் சொல்லவில்லை, திரைக்கு இந்தப் பக்கம் படுத்து நான் ஒட்டுக் கேட்டேன் என்று. இன்னொன்று லீகுக்கு: கார்னருக்கு முன் சொன்னதைச் சொல் மாறாமல் எழுதினான். தபாலில் போடும் முன் என்னிடம் படிக்கக் கொடுத்தான். "நானும் கையெழுத்துப் போடட்டுமா?" என்று கேட்டேன். வேண்டாம் என்று அவன் சொல்லமாட்டானா என்ற எண்ணத்தோடுதான் கேட்டேன். அவன் ஒன்றுமே சொல்லவில்லை. நான் கடிதத்தை மடித்துத் திருப்பிக் கொடுத்துவிட்டேன்.

லீக் அவனை ஒரு வருஷம் விலக்கியது. தோளில் தூக்கிய கிளப்பே ஒப்பந்தத்தை ரத்து செய்து, அவனைப் போன்றவர்களுக்கு இங்கே இடமில்லை என்று அறிக்கை விட்டது. அறிக்கையில் கோச்சும் கையெழுத்துப் போட்டிருந்தார். அக்காவை வேலையில் சேர்த்துக்கொண்டார்கள். ஆனால் பிரசவ வார்டில் இல்லை. கண் பிரிவில், வரிசையில் வருகிறவர்களுக்குச் சொட்டு மருந்து விடும் வேலை. பதினைந்து வருஷம் பிரசவம் பார்த்த கை.

தடை முடிந்தபின் பசை இரண்டாம் டிவிஷனில் மூன்று வருஷம் ஆடினான். மைதானத்தில் வாயே திறக்கமாட்டான். "மார்க் பண்ணு" என்று கூவக்கூட மாட்டான் என்று அந்த அணியின் கோல்கீப்பர் என்னிடம் குறைப்பட்டுக்கொண்டான். வயதான காலத்தில் ஒன்பதாம் நம்பரும் அதே டிவிஷனுக்கு வந்து சேர்ந்தான். இரண்டு அணிகளும் மோதிய நாளில் பசை முழங்கால் வலி என்று சொல்லிவிட்டு மேல் வரிசையில் போய் உட்கார்ந்துகொண்டான். "காலுக்கு ஒண்ணும் இல்லடா. அவன் சட்டையைத் தொட என் கைக்குத் தைரியம் வரல" என்றான். அந்த சீசனோடு ஆட்டத்தை விட்டான்.

இப்போது புறவழிச் சாலையில் ஒரு டயர் கடையில் வேலை செய்கிறான். வருகிறவர்களில் எவனாவது அடையாளம் கண்டுகொள்வான். "நீங்க பசைதானே! அந்த அரையிறுதி! ஒரே வார்த்தையில ஆளை ஓடவச்சீங்களாமே!" என்று கைகுலுக்க வருவான். கை அழுக்கு என்று சொல்லிவிட்டுப் பசை குனிந்து நட்டைக் கழற்ற ஆரம்பித்துவிடுவான்.

போன மாதம் அக்காவின் ஸ்கூட்டர் அந்தப் பக்கம் பஞ்சராகி, தள்ளிக்கொண்டு அங்கே வந்திருக்கிறார். பசை ஒட்டிக் கொடுக்கும்வரை நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். கிளம்பும்போது, "அம்மாவுக்குக் கண்ணு மங்குது. புதன்கிழமை கூட்டிட்டு வா. நான் அங்கதான் இருப்பேன்" என்றாராம். ஐந்து வருஷத்தில் அவர் அவனிடம் இவ்வளவு நீளமாகப் பேசியது இதுதான். அதை ஃபோனில் என்னிடம் மூன்று தடவை சொன்னான்.

பிறகு திடீரென்று கேட்டான்.

"அன்னிக்கு நீ ஏன் உண்மையைச் சொல்லலன்னு நான் உன்னைக் கேட்டதே இல்ல, இல்ல?"

"கேட்டதில்ல."

"இனியும் கேக்கமாட்டேன்" என்றான். "உனக்கே தெரியும்." யாரோ கூப்பிடுகிறார்கள் என்று சொல்லி ஃபோனை வைத்துவிட்டான். நான் இன்னும் யாருக்கும் கடிதம் எழுதவில்லை.