ஃபோர்மேன் நேசையனின் லைன் கிளியர்

"ஊருல எவனுக்க தலை வேணும்னாலும் கெட்டுப்போவும். நேசையனுக்க மண்டையில மட்டும் ஃபியூஸ் போவாது, கேட்டியளா."

ஒக்கிப் புயல் மின்கம்பங்களை முறுக்கிப் போட்டுவிட்டுப் போன வாரத்தில், கொட்டாரத்து டீக்கடை ஒன்றில் பால் விடாத கட்டஞ்சாயாவைக் கையில் பிடித்தபடி மின்வாரிய ஃபோர்மேன் நேசையன் இந்த அறிக்கையை வெளியிட்டார். உறக்கம் கெட்டுக் கிடந்த ஒயர்மேன்மார் தலையாட்டினார்கள். தலையாட்டாதவனுக்கு மறுநாள் எந்தக் கம்பம் கிடைக்கும் என்பது அவர்களுக்குத் தெரியும்.

அந்த மண்டை சாமானியமானதல்ல. சபைக் கமிட்டியில் வாதம் ஓயும்போது அது எழுந்து நின்று மறுபடி தொடங்கி வைக்கும். போதகரின் பிரசங்கத்தில் பிழை பிடிக்கும். முன்யோசனையிலோ அதை மிஞ்ச ஆளில்லை. வீட்டில் இன்வெர்ட்டர் இருந்தது. இன்வெர்ட்டர் காலைவாரினால் எமர்ஜென்சி விளக்கு, அதுவும் கைவிட்டால் மெழுகுவர்த்தி, மெழுகுவர்த்தி நனைந்துபோனால் பிளாஸ்டிக் டப்பாவில் இன்னொரு கட்டு மெழுகுவர்த்தி. உலகம் அழியும் நாளில் நேசையன் வீட்டில் மட்டும் வெளிச்சம் இருக்கும்.

இவ்வளவு ஏற்பாட்டுக்கு நடுவே, புயலுக்குச் சில வருஷம் முன் அவர் மனைவி ஜெபகுமாரி மெல்ல மெல்ல இருண்டுபோனாள். பேச்சு நின்றது, குளிப்பு நின்றது, அடுப்புப் பக்கம் போவதும் நின்றது. வாயு என்று முதலில் தீர்ப்புச் சொன்னார் நேசையன். இஞ்சிச்சாறு பலிக்காததால், ஜெபக்குறைவு என்று தீர்ப்பைத் திருத்தினார். ஜெபக்குழு வந்து முன்னறையில் உட்கார்ந்து பாட்டுப் பாடி, கேக்கும் சாயாவும் சாப்பிட்டுப் போனது. மறுநாள் அவள் ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு போனாள். வடசேரி பஸ் ஸ்டாண்டில் பொழுது சாயும்வரை எந்த பஸ்ஸிலும் ஏறாமல் உட்கார்ந்திருந்தாள். தேடிக் கண்டுபிடித்தவள் அடுத்த வீட்டு லீமா. ஆஸ்பத்திரி நர்ஸான அவளேதான் மனநல டாக்டரிடம் கூட்டிக்கொண்டும் போனாள்.

நேசையனும் சும்மா இருக்கவில்லை. கர்ப்பப்பை ஆபரேஷன் என்று ஊரில் அறிவித்தார். பெண்கள் ஆர்லிக்ஸ் பாட்டிலோடு வந்தார்கள். ஆபரேஷன் சுகமாக முடிந்ததற்கு ஆலயத்தில் ஸ்தோத்திரக் காணிக்கையும் போட்டார். நடக்காத ஆபரேஷனுக்குக் கர்த்தர் நன்றி வாங்கிக்கொண்டது அந்தச் சபையில் அதுவே முதல் முறையாக இருக்கலாம்.

மருந்தில் ஜெபகுமாரி தேறினாள். இது திரும்ப வந்தாலும் வரும், தெளிவாக இருக்கும்போதே என்ன செய்வது என்று வீட்டில் பேசி வைத்துக்கொள்ளுங்கள் என்று டாக்டர் சொல்லியிருந்தார். ஒரு சாயங்காலம் புருஷனுக்குச் சாயாவைக் கொடுத்துவிட்டு அவள் பேசினாள்.

"இஞ்ச பாருங்க. எனக்கு மறுபடி வருதுன்னு தோணிச்சுன்னா ஸ்கூட்டர் சாவிய உங்க கையில தந்துருவேன். அப்பம் எனக்குப் பேச்சு வராது. நீங்களும் ஒண்ணும் கேக்கப்படாது. லீமாளுக்கு போன் போடணும். தனியா விடப்படாது. ஜெபக்குழுவ வீட்டுக்குள்ள ஏத்தப்படாது. உங்க ஆபீசுல லைன் கிளியர் எடுப்பியளே, அதுமாதிரியாக்கும்."

லைன் கிளியர் என்ற சொல் ஃபோர்மேனைச் சீண்டிவிட்டது. மின்கம்பத்தில் வேலை பார்க்கிறவன் கீழே சுவிட்சை இறக்கிப் பூட்டி, சாவியைத் தன் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு ஏறுவான். அவன் இறங்கும்வரை யாரும் கரண்ட் விட முடியாது. சர்வீஸ் முழுக்க நேசையன் அந்தச் சாவியை இன்னொருவன் கையில் கொடுத்ததில்லை.

"ஏட்டி, சாவி மேல நிக்கவனுக்க பையிலயாக்கும் இருக்கணும். கீழ நிக்கவன் கையில குடுத்தா ஆளு கரிஞ்சு போவான்."

"எனக்க சீக்குல மேல நிக்கவ கையிலதான் இருக்கப்படாது."

"வராத பைத்தியத்துக்கு இப்பமே பாய் விரிக்கியாக்கும்?"

"போவாத கரண்டுக்கு நீங்க மெழுகுவத்தி வாங்கி வைக்கல்லியா?"

நேசையன் சிரித்தார். அடுத்த கமிட்டிக் கூட்டம் முடிந்து பருப்புவடை தின்னும்போது, தன் வீட்டில் பைத்தியத்துக்கு லைன் கிளியர் எடுத்திருப்பதாகச் சொல்லி மற்றவர்களையும் சிரிக்க வைத்தார். கர்ப்பப்பைக் கதை அத்தோடு காலாவதியானது. அந்தச் சிரிப்பு வடை தின்றவர்களின் வீடு வழியாக ஜெபகுமாரியிடமும் வந்து சேர்ந்தது. அவள் லீமாவிடம் ஏற்பாட்டை இன்னொரு முறை சொல்லி வைத்தாள்.

பிறகு நேசையன் ரிட்டையர் ஆனார். பொன்னாடை, சுவர்க்கடிகாரம், மூன்று பேச்சு. அதற்கடுத்த மழையில் ஊர் முழுக்கக் கரண்ட் போனது. செல்போனை மடியில் வைத்துக்கொண்டு காத்திருந்தார். ஒருவரும் கூப்பிடவில்லை. அவரில்லாமலே கரண்ட் திரும்பி வந்தது. இந்த அக்கிரமத்தை அவரால் தாங்க முடியவில்லை.

உறக்கம் போனது. சோறு இறங்கவில்லை. கை நடுங்கியதற்கு சர்க்கரையைக் குற்றம் சாட்டினார்; சர்க்கரை நிரபராதி என்று ரத்தப் பரிசோதனை சொன்னது. நெஞ்சு படபடத்ததற்கு வாயு இருக்கவே இருந்தது. இஞ்சிச்சாறு மறுபடி வீட்டுக்குள் வந்தது. கமிட்டிக்குப் போவதை நிறுத்தினார், போதகர் பிழையில்லாமல் பிரசங்கித்தார். தினமும் பைக்கை எடுத்துக்கொண்டு குளத்தங்கரை டிரான்ஸ்பார்மருக்குப் போய்க் கீழே நின்று அதன் இரைச்சலைக் கேட்டுக்கொண்டிருப்பார். யாராவது கேட்டால், ஆயில் ஒழுகுகிறதா என்று பார்ப்பதாகச் சொல்வார். ஜெபகுமாரி டாக்டர் பேச்சை எடுத்தபோதெல்லாம், அது அவளுக்கு வந்த சீக்கு, தனக்கு வந்தது வெறும் வாயு என்று விளக்கினார்.

ஒரு சாயங்காலம் டிரான்ஸ்பார்மர் வேலியின், அபாயப் பலகை தொங்கிய கதவில் தன் கை இருப்பதைக் கண்டார். எப்போது வைத்தார், எதற்கு வைத்தார் என்று தெரியவில்லை. கையை எடுத்தார். பைக்கை உருட்டிக்கொண்டே வீட்டுக்கு வந்தார்.

ஜெபகுமாரி அடுக்களையில் மரச்சீனிக் கிழங்கு நறுக்கிக்கொண்டிருந்தாள். நேசையன் வாசற்படியில் நின்றார். வாயைத் திறந்தார். கமிட்டியை நடுங்க வைத்த குரல் வரவில்லை. சர்வீஸில் ஒருநாளும் செய்யாத காரியத்தை அப்போது செய்தார். பைக் சாவியை எடுத்து, மாவு படிந்த அவள் உள்ளங்கையில் வைத்தார்.

அவள் ஒன்றும் கேட்கவில்லை. சாவியைச் சேலைத் தலைப்பில் முடிந்துகொண்டாள். நாற்காலியை இழுத்துப் போட்டு அவரை உட்கார வைத்துவிட்டு, அவர் கண்ணெதிரிலேயே போனை எடுத்தாள்.

"லீமா, சாவி கைமாறியாச்சு. இப்பமே வா." கொஞ்சம் கேட்டுவிட்டுச் சொன்னாள்: "எனக்கில்ல, மக்கா."

வாயு என்று நேசையன் மறுக்கவில்லை.