பால்ராஜ் அழித்த பக்கம்

தகரக் கூரையில் அடைமழை விழுந்தால் எங்கள் லயத்து வரிசை வீட்டில் அடுப்படியில் இருப்பவர் கூப்பிடுவது வாசலில் இருப்பவருக்குக் கேட்காது. போன் அடித்தாலும் கேட்காது. அதனால் மழைக்காலம் முழுக்க போனைக் கையிலேயே வைத்துப் பார்த்துக்கொண்டிருப்போம்...

அப்படிப் பார்த்துக்கொண்டிருந்த ஒரு காலை இன்று நினைவுக்கு வந்தது.

பூப்பாறைப் பக்கம் எங்கள் தேயிலை எஸ்டேட். கொழுந்து குறைந்த நாட்களில் பெண்கள் ஜீப் ஏறி சாந்தன்பாறை ஏலக்காடுகளுக்குப் போவார்கள். எந்த ஜீப்பில் யாருக்கு இடம் என்று தினமும் சண்டை. அதைத் தீர்க்க என் மகள் வயிற்றுப் பேத்தி அபி ஒரு வெப்சைட் செய்து கொடுத்தாள். கொச்சியில் கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை, அப்போது வீட்டிலிருந்தே பார்த்துக்கொண்டிருந்தாள். என் பேத்தி என்பதற்காகச் சொல்லவில்லை... சரி, அதற்காகத்தான் சொல்கிறேன். அப்படி ஒரு மூளை!

பிறகு அந்த சைட்டில் புதிதாக ஒரு பக்கம் சேர்த்தாள். விக்கி என்றாள். யார் வேண்டுமானாலும் திறந்து எழுதலாம், திருத்தலாம். ரோடு எப்படி, கரண்ட் உண்டா, தண்ணீர் எப்போது... எல்லாம். பக்கத்தின் உச்சியில் இரண்டு சின்னப் பெட்டிகள். ஒன்றில் மழை அளவு தானாக மாறிக்கொண்டே இருக்கும். இன்னொன்றில் மேப். ஜீப் போகப் போக ஒரு நீலப் புள்ளியும் நகரும். அவற்றுக்கு விட்ஜெட் என்று பெயர். எழுதத் திறந்தால் அவை பக்கத்தின் உச்சியில் இங்கிலீசு வரிகளாகத்தான் தெரியும். அஞ்சாம் வகுப்போடு நின்ற நானும் என் பெயர் போட்டு அதில் எழுதியிருக்கிறேன்.

அன்று விடிந்ததும் என் மகள் செல்வி, அபியின் அம்மா, முருகேசன் ஜீப்பில் போய்விட்டாள். நெருக்கியடித்து உட்கார்ந்த அத்தனை பெண்களும் எங்கள் லயத்துக்காரிகள்.

கஞ்சியை இறக்கிவிட்டு, மழை அளவு பார்க்கப் பக்கத்தைத் திறந்தேன். பெட்டி இல்லை. மேப்பும் இல்லை. ஒரே ஒரு வரி மட்டும்: "இன்று மேல் லயத்துக்குத் தண்ணி கிடையாது. பால்ராஜ்."

"ஏட்டி அபி, உன் பெட்டியெல்லாம் எங்கடி?"

வாங்கிப் பார்த்தாள். "யாரோ மொத்தமா அழிச்சிருக்காங்க அம்மாச்சி. இருங்க, பழசு உள்ள பத்திரமா இருக்கும்."

எதையோ தட்டினாள். பால்ராஜ் எழுதுவதற்கு முன்னால் இருந்த பக்கம் திரும்பி வந்தது. அதன் கடைசி வரியைப் படித்தவள் அப்படியே நின்றுவிட்டாள்.

"கரடி வளைவில் ரோடு விண்டிருக்கு. ஜீப் எடுக்காதீங்க. லிசி."

லிசி சேச்சி வளைவுக்குச் சற்று முன்னால் டீக்கடை வைத்திருந்தவர். முருகேசன் பக்கத்தைப் பார்க்காமல் வண்டி எடுக்க மாட்டான். அன்றும் பார்த்திருப்பான். தண்ணி கிடையாது என்பதுதான் அவன் கண்ணில் பட்டிருக்கும்.

மேப்பும் திரும்பி வந்திருந்தது. நீலப் புள்ளி வளைவை ஒட்டி நின்றது. நகரவில்லை.

செல்விக்குப் போன் போட்டோம். பரிதிக்குப் புறத்து, ரேஞ்சில் இல்லை, என்று மலையாளத்தில் சொன்னது. முருகேசனுக்கும் அதே. சேச்சியின் போன் முழுதாக அடித்து ஓய்ந்தது. யாரும் எடுக்கவில்லை.

"புள்ளி நிக்குதே, வண்டி நின்னுட்டுன்னுதான அர்த்தம்?"

"தெரியல அம்மாச்சி. ரேஞ்ச் போனாலும் கடைசியா இருந்த எடத்துலயேதான் நிக்கும்."

"அப்ப என்ன எழவுக்குடி இந்தப் புள்ளி?"

நகத்தைக் கடித்துக்கொண்டு அந்தப் புள்ளியையே பார்த்தாள். அவளைப் பெற்றவளும் அந்தப் புள்ளிக்குள்தான் இருந்தாள்.

அதற்குள் சேதி பரவி, தண்ணீர் திறந்துவிடும் பால்ராஜே நனைந்துபோய் வாசலில் வந்து நின்றான்.

"நான் என்னக்கா தப்பு பண்ணேன்? மஸ்டர் போர்டுல பழசத் தொடச்சுட்டுத்தான புதுசு எழுதுவோம்? தொடைக்கலன்னா கங்காணி ஏச மாட்டாரா?"

"மேல இருந்த இங்கிலீசு வரியெல்லாம் ஏன்டா அழிச்ச?"

"பெட்டிக்கான வரின்னு எனக்கு என்னக்கா தெரியும்? எதோ பிள்ளைக கிறுக்கி வச்சிருக்குன்னு நெனச்சேன்."

ஏசுவதற்கு வாய் வரவில்லை. காலையில் வேலை பிரித்துக் கொடுக்கும் மஸ்டருக்கு முதலில் வருபவர் போர்டைத் துடைப்பது எங்கள் எல்லோருக்கும் கையில் ஊறிய பழக்கம்.

மழை விடவில்லை. புள்ளியும் அசையவில்லை...

ஒருவழியாக செல்வியின் நம்பர் வந்தது.

"அம்மா, ஜீப்பத் திருப்ப எடமில்ல, நாங்க நடந்து திரும்பி வாரோம். வளைவுல பாதி ரோடே இல்லம்மா! லிசி சேச்சி குடையப் புடிச்சுக்கிட்டு நடு ரோட்டுல நின்னுச்சு. முருகேசன் ஆரன் அடிச்சும் நகரல. போன் கூட கடைக்குள்ளயே கெடக்கு."

அபி போனைப் பிடுங்கி, சேச்சியிடம் கொடுக்கச் சொன்னாள். "நீங்கதான் பேஜ்ல எழுதிட்டீங்களே சேச்சி, அப்பறம் ஏன் மழையில நின்னீங்க?"

"எழுதி மோளே. எழுதிட்டு கடையில சும்மா இருக்க முடியுமோ? பாக்காதவன் வந்தா?"

அபி அப்போதுதான் அழுதாள்.

அன்று மாலையே உட்கார்ந்து மாற்றினாள். பெட்டிகளை யாரும் அழிக்க முடியாது. எச்சரிக்கை எழுதினால் எழுதியவர்தான் எடுக்கலாம். முதலில் சோதித்துப் பார்த்தது பால்ராஜ். அழித்து அழித்துப் பார்த்துவிட்டு, "இப்ப கங்காணி மாதிரி இதுவே நம்மள ஏசுதுக்கா" என்றான்.

இப்போது வளைவில் காங்கிரீட் சுவர் வந்துவிட்டது. சேச்சி கடையை மூடிவிட்டு மகளோடு கோட்டயம் போய்விட்டார். அபியின் பக்கத்தைச் சுற்றுவட்டார எஸ்டேட்டுகள் எல்லாம் பார்க்கின்றன. சொல்லும்போதே எனக்குத் தலை நிமிர்கிறது.

இந்த மழைக்கும் வேறொரு இடத்தில் மண் சரிந்தது. உடனே சிவப்பு எழுத்தில் எச்சரிக்கை வந்தது. கீழே ஒரு பெயர். யாரென்று எனக்குத் தெரியாது. எழுதியவர் ரோட்டில் போய் நின்றிருப்பாரா என்றும் தெரியாது...

முருகேசன் மகன்தான் இப்போது ஜீப் ஓட்டுகிறான். அவனுக்குப் போன் போட்டேன்.

"பாத்துட்டேன் அம்மாச்சி. அதான் பேஜ்ல இருக்குல்ல? ஒவ்வொருத்தனுக்கா போன் போட்டுக்கிட்டே இருப்பீங்களாக்கும்?"

"போடுவேன்டா" என்று சொல்லிவிட்டு அடுத்த ஜீப்காரன் நம்பரைத் தேடினேன்.