வீட்டம்மா பார்த்த பிறகு

காரைக்குடியிலிருந்து ஒக்கூர் போகும் பேருந்தில் என் பக்கத்தில் உட்கார்ந்தவர், தாலுகா ஆபீஸில் தலைமை எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவர். மடிப்புக் கலையாத வெள்ளைச் சட்டை. செல்போனில் எதையோ தட்டிக்கொண்டே வந்தார். என்னவென்று கேட்டேன்.

"வலைப்பூ எழுதுறேன் தம்பி. வீட்டுலயும் காலையில பத்து மணிக்கு இந்த மாதிரி சட்டையப் போட்டு உக்காந்துருவேன். ஞாயித்துக்கிழமை லீவு."

"எழுதினதும் போட்டுருவீகளா?"

"அதெப்படி? வீட்டுல அவுக பார்த்துச் சரின்னு சொல்லணும்ல. சர்வீஸ் பூரா ஊராரு மனுவைக் குறை சொல்லித் திருப்பி அனுப்புனேன். இப்ப என் எழுத்தை அவுக திருப்புறாக. நேத்து, சந்தையில கத்திரிக்கா வாங்குனதை எழுதுனேன். 'பூராம் சொத்தைங்கிறதை விட்டுட்டீகளே'ன்னு திருப்பிட்டாக."

பதவி உயர்வு கிடைத்தவர் போலச் சிரித்தார். தன் ஊரான ஒக்கூரில் இறங்குவதற்கு முன், "உங்களையும் எழுதுறேன்" என்று வலைப்பூ முகவரியை என் போனுக்கு அனுப்பினார்.

மறுநாள் ஆவலோடு திறந்தேன். வெயில், கண்மாய், கண்டக்டர் என்று எல்லாமே விரிவாக இருந்தது. என்னைப் பற்றி ஒரே வரி: 'பக்கத்தில் ஒருவர் கேள்வி கேட்டுக்கொண்டே வந்தார்.'

அந்த அம்மாள் எதையெல்லாம் எடுக்கச் சொன்னார் என்று கேட்பதற்காகவே இன்னொரு தடவை ஒக்கூர் போகலாமா என்று பார்க்கிறேன்.