ஏழு மணிக்குப் படுத்துவிடும் நெட்

எனக்கு எதைக் கண்டாலும் சுள்ளென்று கோபம் வரும். முப்பது வருஷமாக எட்டாம் வகுப்புக்குக் கணக்கு எடுக்கிறவளுக்கு வராமல் வேறு யாருக்கு வரும்? ஆனாலும் அந்த ஐந்து மாசம் எங்கள் வீட்டுக் கம்ப்யூட்டர் மேல் வந்த கோபம் மாதிரி எதன் மேலும் எனக்கு வந்ததில்லை. பகலெல்லாம் ஒழுங்காக ஓடுகிற நெட், சாயங்காலம் ஏழு மணி ஆனால் படுத்துவிடும். ஏழரைக்கு எழுந்து உட்கார்ந்துகொள்ளும். நடுவில் இருக்கிற அந்த அரை மணியில்தான் அமெரிக்காவில் இருக்கிற என் தம்பி அம்மாவைப் பார்க்கக் கூப்பிடுவான்.

ஸ்ரீரங்கத்தில் எங்கள் வீடு அகலமே இல்லாத நீள வீடு. வாசலில் நின்று கத்தினால் கொல்லையில் கேட்காது. கம்ப்யூட்டர் முன்பக்கம் ஹாலில். நெட் ஒயர் வருவதோ கொல்லைப்பக்கத்துச் சந்தில் இருக்கிற போஸ்ட்டிலிருந்து. அதனால் ரவுட்டரைப் பின்கட்டில், பெருமாளை வைத்துப் பூஜை பண்ணுகிற உள்ளுக்கு ஒட்டினாற்போல் இருக்கிற சின்ன அறையில், சுவர்த் தட்டின் மேல் வைத்துவிட்டார்கள். அங்கேதான் பிளக் இருந்தது. அம்மாவின் மடிக்கொடியும் அங்கேதான். காலையில் நனைத்துப் போட்ட புடவை யார் கையும் படாமல் அந்தக் கொடியில் உலரும். அதே தட்டில் பெருமாளுக்குத் தளிகை பண்ணுகிற பித்தளைப் பாத்திரங்கள். குளிக்காமல் அந்த வாசற்படியைத் தாண்டக் கூடாது. நான் எடமலைப்பட்டி புதூர் ஸ்கூலிலிருந்து இரண்டு பஸ் மாறி, ஊர் வியர்வையெல்லாம் மேலே பூசிக்கொண்டு வருகிறவள். சாயங்காலம் இன்னொரு தரம் குளிக்கத் தெம்பு கிடையாது. ஆக, வாரநாளில் அந்த அறைப் பக்கமே நான் போனதில்லை.

ஆனி மாசக் கடைசியில் அம்மாவுக்கு மூச்சு வாங்க ஆரம்பித்தது. புத்தூரில் ஒரு ஆஸ்பத்திரியில் காட்டினேன். டாக்டர் என்னை மட்டும் வெளியே கூப்பிட்டு, "நுரையீரல் சுருங்கிட்டே வருதும்மா. மருந்து கொஞ்சம் தள்ளிப்போடும், அவ்வளவுதான். பாக்கணும்கிறவங்க வந்து பாத்துடட்டும்" என்றார். அம்மாவிடம் நான் ஒன்றும் சொல்லவில்லை. சொல்லாமலே தெரிந்துகொண்டாள். ஆட்டோவில் வரும்போது காவேரிப் பாலத்தின் மேல் என் கையைப் பிடித்துக்கொண்டு, "அவனுக்குச் சொல்லப்படாது. பெருமாள் மேல ஆணை" என்றாள்.

தம்பியின் நிலைமை அப்படி. அங்கே நிரந்தரமாகத் தங்குவதற்கான பேப்பர் கடைசிக் கட்டத்தில் இருந்தது. தை மாசம் வந்துவிடும் என்றார்கள். அதற்கு முன் நாட்டை விட்டு வெளியே வந்தால் திரும்ப உள்ளே விடுவது சந்தேகம். பத்து வருஷ உழைப்பு, பெண்டாட்டி, படிக்கிற குழந்தை, எல்லாம் அந்தப் பேப்பரில் தொங்கிக்கொண்டிருந்தது. ஆனால் அவன் என்னிடம் தெளிவாகச் சொல்லியிருந்தான்: "அம்மாவுக்கு முடியலேன்னா சொல்லிடு அக்கா. பேப்பராவது மண்ணாங்கட்டியாவது. அடுத்த ஃபிளைட் ஏறிடுவேன்."

ஆணை போட்டாகிவிட்டது, நான் வாயைத் திறக்க முடியாது. ஆனால் நானும் கணக்கு டீச்சர் இல்லையா, எனக்கு ஒரு கணக்கு இருந்தது. நான் எதற்குச் சொல்ல வேண்டும்? தினமும் திரையில் அம்மாவைப் பார்க்கப் போகிறானே. கன்னம் ஒட்டிப்போனதையும் கழுத்து நரம்பு புடைத்து இழுப்பதையும் அவனே பார்த்துக்கொள்ளட்டும், பார்த்தால் வந்துவிடுவான். ஆணையும் மீறின மாதிரி இருக்காது. இப்படி நான் நினைத்துக்கொண்டிருக்கும்போதுதான் நெட் படுத்தது.

ஆடி முதல் வாரம். ஏழு மணிக்கு அம்மா நாற்காலியில் வந்து உட்கார்ந்தாள். தம்பி முகம் வந்தது, உறைந்தது, கட்டம் கட்டமாக உடைந்தது. அவன் பக்கமும் அதே கதி. "அம்மா, நீ ஒரே கலங்கலாத் தெரியறே" என்றான். "நான் எப்பவும் கலங்கல்தாண்டா" என்று அம்மா சிரித்தாள். சிரித்ததும் மூச்சு முட்டி நிறுத்தினாள். "குரலும் விட்டு விட்டு வரதே!" என்றான் அவன். "லைன் சரியில்லேடா கண்ணா" என்றாள் அம்மா.

அதன் பிறகு நான் செய்யாதது எது? கம்ப்யூட்டரை அணைத்து முப்பது எண்ணிவிட்டுத் திரும்பப் போட்டேன். வேண்டாத புரோகிராமையெல்லாம் அழித்தேன். வைரஸ் இருக்கிறதா என்று, ஸ்கூலில் கேட்டுக்கொண்டு வந்த இரவல் மூளையோடு தேடினேன். வைஃபை வாங்குகிற குட்டிக் குச்சியைப் புதிதாக வாங்கிச் செருகினேன். மேஜையை ஹாலின் ஒரு கோடியிலிருந்து மறு கோடிக்குத் தனியாளாக இழுத்து இடுப்பைப் பிடித்துக்கொண்டேன். செல்போனில் பேசலாம் என்றால் அந்தத் தடிச் சுவருக்குள் டவர் எட்டாது, அம்மாவுக்கு அந்தச் சின்னத் திரையில் கண்ணும் தெரியாது. போதாக்குறைக்குப் பக்கத்து வீட்டு அம்மாள் எங்கள் நெட்டைத் திருடுகிறாள் என்று எனக்கு ஒரு சந்தேகம். பாஸ்வேர்டை மாற்றினேன், மாற்றியும் சரியாகவில்லை. அப்புறமும் விடாமல் வாசலில் நின்று, "எங்க வீட்டு லைன்ல சீரியல் பாக்கறேளா?" என்று கேட்டேன். பாவம், அவர் வீட்டில் டிவியே பழுதாகிக் கிடந்தது. அன்றோடு பேச்சு நின்றது.

நெட் கம்பெனி ஆள் ஒரு சனிக்கிழமை காலையில் வந்தார். நாற்பது வயசிருக்கும், பொறுமைசாலி. பின்கட்டுக்குக் கூட்டிப்போனேன். அம்மா உள்ளேயிருந்து, "மடி உலர்றது, உள்ளே வரப்படாது" என்றாள். மனுஷர் வாசற்படியிலேயே நின்று கழுத்தை நீட்டிப் பார்த்தார். "லைட்டெல்லாம் பச்சையாத்தாங்க இருக்கு. ஸ்பீடு பாருங்க, ஃபுல்லா வருது" என்று தன் போனைக் காட்டினார். "காலையில வரும்யா! சாயங்காலம் ஏழுக்கு வந்து பாரும்!" என்று எரிந்து விழுந்தேன். "அந்த நேரத்துல ஊரே நெட்டு பாக்குதுங்க, லோடு" என்றார். நான் விடுவேனா? இன்னொரு நாள் சாயங்காலம் வரவழைத்து ஹாலில் உட்கார வைத்தேன். அன்றைக்குப் பார்த்து அம்மா, "தலையை வலிக்கறது, இன்னிக்கு அவனைக் கூப்பிட வேண்டாம்" என்று படுத்துவிட்டாள். ஏழு மணிக்கு நெட் கண்ணாடி மாதிரி ஓடியது. "நான் இருந்தா ஒழுங்கா இருக்குதுங்க" என்று அவர் சிரித்தார். எனக்கு அவரை அடிக்கலாம் போலிருந்தது.

அப்போதாவது எனக்கு உறைத்திருக்க வேண்டும். தினமும் ஏழுக்குச் சற்று முன்னால் அம்மா, "விளக்கேத்திட்டு வரேன்" என்று சுவரைப் பிடித்துக்கொண்டு பின்னால் போவாள். பேசி முடித்ததும், "பெருமாளைச் சேவிச்சுட்டு வரேன்" என்று மறுபடி போவாள். பார்க்கிற யாருக்கும் அது பக்தி. எனக்கும் அது பக்திதான். அந்த அறைக்குள் எட்டிப் பார்க்க வேண்டும் என்று ஐந்து மாசத்தில் ஒரு நாள்கூடத் தோன்றவில்லை. நாற்காலியில் நின்று மின்விசிறி வரைக்கும் தடவிப் பார்த்தவள் நான்.

கார்த்திகை பிறந்தது. அம்மா பாதியாகிவிட்டாள். ஒரு நாள் பேசி முடித்ததும் எழுந்தவள், எழுந்த இடத்திலேயே உட்கார்ந்துவிட்டாள். உதடு நீலம் பாரித்திருந்தது. ஹாலிலேயே போட்டிருந்த கட்டிலில் படுக்க வைத்து, டாக்டர் சொல்லி வாடகைக்கு எடுத்திருந்த ஆக்ஸிஜன் குழாயை மூக்கில் மாட்டினேன். தம்பி பேசும்போது அந்தக் குழாயை அவள் கழற்றி வைத்துவிடுவாள், அது தனிக் கதை. கண்ணை மூடிக்கொண்டே, "உள்ளே விளக்கு எரியறது" என்றாள். "நான் பாத்துக்கறேன், குளிச்சுட்டுப் போறேன்" என்றேன். "வேண்டாம், நான் போறேன்" என்று எழுந்திருக்கப் பார்த்தாள். அதட்டிப் படுக்க வைத்தேன்.

தலையோடு குளித்துவிட்டு ஈரத்தோடு அந்த அறைக்குள் போனேன். தட்டின் மேல் ரவுட்டரைக் காணோம். அது இருக்க வேண்டிய இடத்தில், திருக்கண்ணமுது, அதுதான் பாயசம், பண்ணுகிற பெரிய பித்தளை அடுக்கு கவிழ்ந்திருந்தது. அதன் விளிம்புக்கடியிலிருந்து கறுப்பு ஒயர் வெளியே வந்துகொண்டிருந்தது. தட்டு மட்டத்துக்குக் குனிந்து பார்த்தபோது இடுக்கில் பச்சை வெளிச்சம் விட்டு விட்டு எரிந்தது. அடுக்கைத் தொட்டேன், லேசாகச் சுட்டது. ஒரு நிமிஷம் எனக்கு ஒன்றுமே புரியவில்லை. புரிந்ததும் அங்கேயே உட்கார்ந்துவிட்டேன்.

அடுக்கைத் தூக்கிக்கொண்டு நேரே அம்மாவிடம் போனேன். மடியாவது ஒன்றாவது. "என்னம்மா இது?" என்று கத்தினேன். என் ஜென்மத்தில் அவளிடம் அப்படிக் கத்தினதில்லை.

அவள் பயப்படவில்லை. "பித்தளை தடுக்கும்னு அவனேதான் சொன்னான். அந்தப் பொட்டி வந்த புதுசுல, பாத்திரம் பக்கத்துல வைக்காதேம்மா, நெட் மெதுவாயிடும்னான்" என்றாள். நடுநடுவே நிறுத்தி மூச்சு வாங்கிக்கொண்டாள். "அவன் இந்த மூஞ்சியைப் பாத்தான்னா கிளம்பிடுவான்டி. பத்து வருஷம் பாடுபட்டது போயிடும். நான் போறவ. எனக்காக அவன் எதுக்கு நடுத்தெருவுல நிக்கணும்?"

"உனக்கு அவனைப் பாக்கணும்னு இல்லியா?"

"இல்லாம என்ன" என்றாள். சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

மறுநாள் சாயங்காலம் ஆறே முக்காலுக்கு அம்மாவால் எழுந்து நிற்க முடியவில்லை. "நீ போய் அதைக் கவிழ்த்துட்டு வா" என்றாள். மாட்டேன் என்றேன். கட்டிலின் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு காலைக் கீழே வைத்தாள். ஒரு அடி வைத்து, சுவரில் சாய்ந்து, வாயால் மூச்சு விட்டுக்கொண்டு இரண்டாவது அடி வைத்தாள். என்னால் அதைப் பார்க்க முடியவில்லை. "படுத்துத் தொலை, போறேன்" என்றேன். குளித்தேன். போனேன். அடுக்கைக் கவிழ்த்தேன்.

ஏழு மணிக்குத் தம்பி கலங்கலாக வந்தான். அம்மா பேசி முடித்ததும் என்னைக் கூப்பிட்டான். "அக்கா, எனக்கு என்னவோ சரியாப் படலே. ஒண்ணும் தெரிய மாட்டேங்கறது. அம்மா நன்னாத்தானே இருக்கா? வரணும்னா இப்பவே வந்துடறேன். நீ சொல்லு." அம்மா பக்கத்தில் கட்டிலில் இருந்தாள். கையைக் கூப்பி என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள். என்னைப் பெற்றவள் என்னைக் கும்பிடுகிறாள். "தையிலயே வாடா. அம்மாவுக்கு ஒண்ணும் இல்லே. நெட்டுதான் உயிரை வாங்கறது" என்றேன். அவன் பெருமூச்சு விட்டது மட்டும் தெளிவாகக் கேட்டது.

அதற்கப்புறம் தினமும் நான்தான். இருபது நாளுக்கு மேல் இருக்கும், எண்ணவில்லை. ஏழுக்கு முன் குளியல், அடுக்கு, பேச்சு, திரும்ப அடுக்கு. ஸ்கூலிலிருந்து வந்தால் மறுபடி குளிக்கத் தெம்பில்லை என்று சொன்னவள், அதற்கு மட்டும் தவறாமல் குளித்தேன்.

மார்கழியில் கோயிலில் வைகுண்ட ஏகாதசிக்கு முன்னால் வருகிற பகல் பத்து உற்சவம் நடந்துகொண்டிருந்தது. தெருவெல்லாம் வெளியூர்க் கூட்டம். ஒரு நாள் விடியற்காலையில் அம்மா ஆசார்யன் திருவடி அடைந்தாள். வந்தவர்கள் எல்லாரும், "இந்தச் சமயத்துல போறதுக்குக் கொடுத்து வச்சிருக்கணும்" என்றார்கள். யார் கொடுத்து வைத்தது, என்ன கொடுத்து வைத்தது என்று கேட்க நாக்கு வரைக்கும் வந்தது. ஐஸ் பெட்டியில் வைக்கக் கூடாது, அன்றைக்கே எடுத்துவிட வேண்டும் என்று அம்மா முன்பே சொல்லி வைத்திருந்தாள். அதிலும் அவள் கணக்கு சரியாக இருந்தது. எடுப்பதற்குள் அவனால் வந்து சேர முடியாது, ஆகவே பேப்பரை விட்டுவிட்டுக் கிளம்பவும் மாட்டான். பெரியப்பா பிள்ளை கொள்ளி வைக்க வந்தார். பேச்சில்லாதிருந்த பக்கத்து வீட்டு அம்மாள் ஒரு ஃபிளாஸ்க் காப்பியை என் பக்கத்தில் வைத்துவிட்டுப் போனார்.

டவர் கிடைக்கத் தெருவில் போய் நின்று தம்பிக்குப் போனில் சொல்லியாகிவிட்டது. பார்க்க வேண்டும் என்றான். அம்மாவை ஹாலில்தான் கிடத்தியிருந்தது. கம்ப்யூட்டரைப் போட்டு, கேமராவை அவள் பக்கம் திருப்பினேன். அடுக்கு அலமாரிக்குள் இருந்தது.

ஐந்து மாசத்தில் முதல் தடவையாக அவன் முகம் முழுசாக வந்தது. கன்னத்தில் இரண்டு நாள் தாடி, சிவந்த கண், பின்னால் குழந்தை வரைந்த படம், எல்லாம் தெரிந்தது. அவன் அழவில்லை. திரையின் அருகில் வந்து அம்மாவைப் பார்த்தான். ஒட்டின கன்னத்தை, குச்சியான கையை, மூக்கின் இரு பக்கமும் குழாய் அழுத்தின தழும்பை, ஒவ்வொன்றாகப் பார்த்தான். ஒரு தடவைகூடப் படம் நிற்கவில்லை. அப்புறம், "இன்னிக்கு நெட் எவ்வளவு தெளிவா இருக்குக்கா. எப்படி சரியாச்சு?" என்றான்.

"லைனை மாத்தினாடா" என்றேன்.

"ஒரு மாசம் முன்னாடி மாத்தியிருந்தா நான் வந்திருப்பேன்க்கா" என்றான்.

"ஆமாண்டா" என்றேன்.