ஆத்தாவுக்குப் போட்ட ஊசி

புதுப்பட்டினத்தில் புடவைக் கடையில் வேலை பார்க்கிறவள் நான். கடை திறந்ததிலிருந்து மூடும்வரை பேசிக்கொண்டே இருப்பதுதான் என் பிழைப்பு. அந்த வாயை அடக்க என் புருஷன் வீட்டாரால் இத்தனை வருஷமாக முடியவில்லை. புற்றுநோய்க்கு ஏற்றிய மருந்து அடக்கிவிட்டது.

செங்கல்பட்டில் ஆஸ்பத்திரியில் சேர்ந்து இரண்டாவது கீமோ ஏற்றிய பிறகு காய்ச்சல் வந்தது. உதட்டிலிருந்து தொண்டைவரை புண். கையிலும் கழுத்திலும் சிவப்புச் சிவப்பாகத் தடிப்பு. எச்சில் விழுங்கினாலே கண்ணில் தண்ணீர் வரும், இதில் பேச்சு எங்கே? ரத்தத்தில் வெள்ளை அணு குறைந்துவிட்டது, எந்தக் கிருமி வந்தாலும் உடம்பு தாங்காது, ஊசி மருந்து ஒரு வேளைகூடத் தவறக் கூடாது என்று டாக்டர் என் கணவரிடம் சொன்னார். இவர் சவுக்கு லோடு வண்டி ஓட்டுகிறவர். யார் எதைச் சொன்னாலும் தலையை ஆட்டுவார். டாக்டருக்கும் ஆட்டினார். ஆனால் கடைசியாக யார் சொல்கிறார்களோ அவர்கள் சொன்னதைத்தான் செய்வார்.

யாரையும் உள்ளே விடாதீர்கள் என்றும் டாக்டர் சொல்லியிருந்தார். எங்கள் ஆட்களிடமா நடக்கும்? ஆஸ்பத்திரியில் படுத்தவளை வந்து பார்க்காவிட்டால் சாகும்வரை பகை. ரொட்டியும் சாத்துக்குடியுமாக வந்தார்கள். கால்மாட்டில் நின்று உச்சுக் கொட்டினார்கள். என் முடி போனதைப் பற்றி என் எதிரிலேயே ஆளுக்கொரு கருத்துச் சொன்னார்கள். அப்புறம் பக்கத்தில் எங்கே பிரியாணி நன்றாக இருக்கும் என்று விசாரித்துக்கொண்டு கிளம்பினார்கள்.

கடைசியாக வந்தாள் என் நாத்தனார், இவருடைய அக்கா. கடப்பாக்கத்தில் வாழ்க்கைப்பட்டவள். பை நிறைய வேப்பிலை. என் கையைத் திருப்பிப் பார்த்தாள், வாயைப் பார்த்தாள், முடிவுக்கு வந்துவிட்டாள்.

"இன்னாடா இது? ஒடம்பெல்லாம் செவந்து கீது, வாயெல்லாம் முத்து போட்டுக்கீது. அம்மைடா இது! ஆத்தா வந்துக்கீறா. அவ கீற ஒடம்புல ஊசி குத்துனா சும்மா வுடுவாளா?"

மருந்து மாற்ற வந்த நர்ஸ் பெண் குறுக்கே வந்தது. "அம்மை இல்லம்மா. கீமோனால வர்ற புண்ணு. வேப்பிலையெல்லாம் கிட்ட கொண்டு வராதீங்க."

"உனுக்கு இன்னா வயசாவுது?" என்று கேட்டாள் நாத்தனார். அந்த ஒரு கேள்வியில் மருத்துவப் படிப்பு முழுவதும் தோற்றுப்போனது.

பிறகு தம்பியிடம் திரும்பினாள். "எழுதிக் குடுத்துட்டு வூட்டுக்கு இட்டுகினு வா. மூணு தண்ணி ஊத்துனா ஆத்தா போய்டுவா."

"அக்கா சொல்றதும் ஞாயமாத்தான் கீது," என்றார் என் கணவர்.

வீட்டுக்குப் போனால் செத்துப்போவேன் என்று எனக்குத் தெரியும். அவர் கையைப் பிடித்தேன். வேண்டாம் என்று தலையை ஆட்டினேன். அழுது காரியம் சாதிக்கிற வழக்கம் எனக்குக் கிடையாது. அன்று அழுதேன். அவர் பார்த்தார். "ஒண்ணும் ஆவாது, பயப்படாத," என்று கையை விடுவித்துக்கொண்டு, கட்டிலுக்கடியில் கிடந்த பையை இழுத்து என் நைட்டிகளை அடுக்க ஆரம்பித்தார்.

என் நாத்தனாருக்கு ஆடி மாதம் கூழ் ஊற்றும்போது தவறாமல் சாமி வரும். அப்போது அவள் வைத்ததுதான் சட்டம். போன ஆடியில் ஆத்தா பச்சைப் பட்டு கேட்டாள். எங்கள் கடையிலிருந்து நான்தான் கொண்டுபோய்க் கொடுத்தேன். அடுத்து வந்த கல்யாணத்தில் ஆத்தாவின் பட்டைக் கட்டிக்கொண்டு நாத்தனார் பந்தியில் உட்கார்ந்திருந்தாள். வருஷா வருஷம் பக்கத்தில் நின்று பார்த்ததில் எப்படி ஆட வேண்டும் என்பது எனக்கு மனப்பாடம்.

கண்ணை உருட்டினேன். உடம்பைக் குலுக்கினேன். காய்ச்சல் நடுக்கம் வேறு இருந்ததால் அதற்குப் பெரிதாக நடிக்க வேண்டியிருக்கவில்லை. வாயைத் திறந்ததும் புண் கிழிந்து ரத்தம் வழிந்தது. வலி உச்சி மண்டைக்கு ஏறியது. கடப்பாக்கத்தில் ஆத்தாவுக்கு இவ்வளவு பொருத்தமான வேஷம் ஒரு ஆடிக்கும் அமைந்ததில்லை.

"எங்கடா இட்டுகினு போற என்ன? நா இங்கதான் குந்துவேன். எனுக்கு ஊசி போடச் சொல்லுடா!"

பை கீழே விழுந்தது. கணவர் கன்னத்தில் போட்டுக்கொண்டார். "போடச் சொல்றேன் தாயி, கோச்சுக்காத!"

நாத்தனார் மட்டும் என் கண்ணையே பார்த்தாள். அவளுக்குப் புரிந்துவிட்டது. இந்த வித்தையை அவளைவிட யாருக்குத் தெரியும்? ஆனால் என் சாமி பொய் என்றால் அவள் சாமியும் பொய் என்றாகிவிடும். அவளும் கை கூப்பினாள். திகைத்து நின்ற நர்ஸ் பெண் சட்டென்று மருந்தை ஏற்றிவிட்டது.

காய்ச்சல் விட்டது, வெள்ளை அணு ஏறியது. ஆத்தாதான் காப்பாற்றினாள் என்று நாத்தனார் செய்யூர் வரைக்கும் சொல்லி வைத்திருக்கிறாள். இவரும் ஒவ்வொரு கீமோவுக்கும் ஆத்தா உத்தரவு என்று நேரத்துக்குக் கூட்டிப்போகிறார். இன்னும் கீமோ பாக்கி இருப்பதால் நான் மறுத்துப் பேசுவதில்லை.

புண் ஆறிவிட்டது. கடையில் பழையபடி வாய் ஓயாமல் பேசுகிறேன். வீட்டில்தான் இவரிடம் பேச எனக்கு ஒன்றும் வருவதில்லை. ஆத்தா ஒரு தடவை சொன்னதும் கன்னத்தில் போட்டுக்கொண்டாரே, அதற்குச் சற்று முன்னால் அதே கட்டிலில் அவர் கையைப் பிடித்துக்கொண்டு அழுதது அவர் பெண்டாட்டி.