மொன்றியல் வழியாக ஹமில்டன்

1930இல் முதலாவது எம்பயர் விளையாட்டுப் போட்டி, அதாவது இன்றைய கொமன்வெல்த் போட்டிகளில் மூத்த பிள்ளை, நடந்த மைதானத்தில் நான் ஓடியிருக்கிறேன். பொய். அந்த மைதானத்தைக் கண்ணால்கூடக் கண்டதில்லை. தேடிப் போனேன், அதுவும் வேறு ஊருக்கு.

2006 ஜூலை, சனிக்கிழமை காலை ஏழு மணி. ரொறன்ரோவில் பஸ் ஏறினேன். மொன்றியலுக்கு ஐந்நூற்று நாற்பது கிலோமீட்டர். அக்கா அழைத்திருந்தாள். அவளின் பதினைந்து வயது மகள் ஆரணி பள்ளிக்கூட ஓட்டத்தில் இரண்டு தரம் தொடக்கத் துப்பாக்கி வெடிக்கு முந்தி ஓடி, போட்டிக்கு வெளியே போடப்பட்டாளாம். அன்று கழற்றிய சப்பாத்தை மறுபடி போடவில்லையாம். "உன்ர பகிடிக்காவது சிரிக்கிறாளா பாப்பம், வாடா" என்றாள்.

என்னிடம் மருந்து இருந்தது. உணவகத்தில் என்னோடு கோப்பை கழுவும் வெள்ளைக்காரக் கிழவர் சொன்ன 1930ஆம் ஆண்டுக் கதை. எந்த ஊர் என்று நான் கேட்கவில்லை. எழுபத்தாறில் மட்டக்களப்பில் எங்கள் றேடியோ ஒலிம்பிக் நேரம் முழுக்க மொன்றியல், மொன்றியல் என்றது. கனடாவில் வேறெங்கு ஓடுவார்கள்?

பகல் ஒன்றரை. பஸ் நிலையத்தில் கையைக் கட்டிக்கொண்டு நின்றாள் ஆரணி. ஆளுக்கு இரண்டரை டாலர் கொடுத்து மெற்றோவின் பச்சைப் பாதையில் ஏறி, சாய்ந்த கோபுரமுள்ள ஒலிம்பிக் மைதானத்துக்குப் போனோம். 1930 ஓட்டம் நடந்த இடத்தைக் காட்டச் சொல்லி ரிக்கற் பெண்ணிடம் கேட்டேன். அவள் ஆரணியோடு பிரெஞ்சில் நீளமாகக் கதைத்தாள்.

"மாமா, இது எழுபத்தாறுக்குக் கட்டினதாம். நீங்க கேக்கிறது ஹமில்டன். ரொறன்ரோவில இருந்து ஒரு மணித்தியாலம்தானாம்."

"எந்தப் பக்கம், மனே?" மட்டக்களப்பு வாயில் மகளும் மனேதான்.

"நீங்க வந்ததுக்கு மற்றப் பக்கம்."

சொல்லிவிட்டுச் சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். ஆறரை மணிநேரப் பயணத்துக்கு அது போதும்.

மூன்று மணி. வெளியே சீமெந்துப் படியில் இருந்துகொண்டு கிழவரின் கதையைத் தொடங்கினேன். பதினொரு நாடு, நானூறு பேர். பள்ளிக்கூட வகுப்பறையில்தான் படுக்கை, ஓர் அறையில் இருபத்துநாலு பேர். நானும் வகுப்பறையில் படுத்தவன்தான், ஆனால் பாடம் நடக்கும்போது. பெண்களுக்கு நீச்சல் மட்டும் என்றதும் முகத்தைச் சுளித்தாள். நூறு கெஜ ஓட்டத்தில் நியூசிலாந்துக்காரன் ஒருவன் திரும்பத் திரும்ப வெடிக்கு முந்தினான். வெளியே போ என்றார்கள். பார்த்திருந்த சனம் விடவில்லை. ஓட்டத்தைத் தொடங்க முடியாதபடி கத்தியது. கடைசியில் அவனைத் திரும்பக் கோட்டுக்குக் கூப்பிட்டார்கள்.

"சனம் கத்தினா விடுறதோ? அது சட்டமா மாமா?"

"சட்டமில்ல மனே. அவன் ஓடுறதைப் பாக்கிற ஆசை."

அவன் வென்றானா என்று கேட்டாள். கிழவர் அதைச் சொல்லியிருக்கவில்லை. அதனாலென்ன, ஒரு தங்கப் பதக்கத்தை எடுத்து அவன் கழுத்தில் போடலாமென்று வாயைத் திறந்தேன். பார்த்தால் பக்கத்தில் ஆளில்லை. கீழே சீமெந்துத் தளத்தில், செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு, தளத்திலிருந்த ஒரு வெடிப்பைக் கோடாக்கி, அதன் பின்னால் விரலூன்றிக் குனிந்திருந்தாள்.

"மாமா, கதையைப் பேந்து சொல்லலாம். இங்க வந்து வெடிக்குப் பதிலா கையைத் தட்டுங்க. நீங்க தட்டாம நான் அசையமாட்டன்."